நாற்பது ஆம்பியர் வீடு

மின்சாரக் கார் வாங்கி, வீட்டில் முதல் முறையாகச் சார்ஜ் போட்ட அன்று மாலை ஏழு மணி இருக்கும். நான் குளியலறையில் ஹீட்டரைத் திறந்து தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. தண்ணீர் சில்லிட்டது. உடனே முன் ஹாலிலிருந்து விடாமல் ஒரு பீப் சத்தம் கேட்டது. என் கணவரின் ஆக்சிஜன் இயந்திரம் மின்சாரம் நின்றால் அப்படித்தான் கத்தும்.

கைலியைச் சுற்றிக்கொண்டு நுரையோடு ஓடினேன். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுவரோரம் எப்போதும் ஒரு சிலிண்டரை நிறுத்தி வைத்திருப்போம். அதன் வால்வைத் திறந்து குழாயை மாற்றிச் செருகினேன். பல முறை பழகிப் பார்த்த வேலைதான், ஆனாலும் விரல் வழுக்கியது. அவர் மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு போய் மெயின் சுவிட்சைப் பார்த்தேன். கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன். எல்லாம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுந்தது.

"கார்தான்" என்றார் அவர். அந்தக் காலத்தில் அவர் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை.

வெளியே போய்ச் சார்ஜர் கம்பியைக் காரிலிருந்து பிடுங்கினேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலையில் இருக்கும்போதே படி ஏறினால் இரைக்க ஆரம்பித்தது. நுரையீரல் தழும்பு பிடித்துச் சுருங்குகிறது, காரணம் தெரியவில்லை என்றார் மருத்துவர். அவர் வேலையை விட்ட மாதமே நான் காரை எடுத்துக்கொண்டு ஆப் மூலம் பயணிகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். காலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள், மாலையில் அங்கிருந்து திரும்புகிறவர்கள். பழைய கார் ஓய்ந்தபோது மின்சாரக் காராகப் பார்த்து வாங்கினேன். வண்டி வீட்டு வாசலில் சார்ஜ் ஆகும் நேரமெல்லாம் நான் அவரோடு இருக்கலாம் என்பதுதான் என் கணக்கு. வீட்டில் சார்ஜர் வைக்கும் வரை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேரங்காடியின் அடித்தளத்தில் வரிசையில் நின்று சார்ஜ் போட்டேன். எனக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால் போச்சு, பாதி மதியம் அங்கேயே கழிந்துவிடும். அந்த நேரத்தில் அவர் வீட்டில் தனியாக இருப்பார்.

சார்ஜர் வைத்துக்கொடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வந்து மெயின் சுவிட்சை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது பழைய வீடு. உங்க மெயினே நாப்பது ஆம்ப்தான். சார்ஜர் ஒன்னே முப்பத்திரண்டு இழுக்கும். ஹீட்டர், ஏர்கோன் எல்லாம் சேந்தா எப்படி தாங்கும்? திரீ பேஸ் அப்ளை பண்ணுங்க."

"வைக்கும்போதே இத சொல்லியிருக்கலாமே?"

"நாங்க வெறும் மாட்டுறவங்க லா அக்கா."

ஒரு பேஸுக்குப் பதில் மூன்று பேஸ், அதாவது மூன்று தடத்தில் மின்சாரம் வரும் இணைப்பு கேட்டு விண்ணப்பம் போட்டேன். மின்சார அலுவலகத்தில் ஓர் இளம் பெண் பொறுமையாக விளக்கினாள். எங்கள் வரிசை வீடுகளுக்கு வரும் நிலத்தடிக் கம்பி பழையது, இருக்கிற சுமையே அதற்கு அதிகம், மாற்றும் திட்டம் இருக்கிறது, தேதி மட்டும் சொல்ல முடியாது என்றாள். கோபப்படுவதற்கு அவளிடம் எனக்கு ஒன்றும் இல்லை.

செந்தூலில் அடுக்குமாடியில் இருக்கும் என் தங்கை போனில், "வித்துடுக்கா, எதுக்கு இந்த ரோதன" என்றாள். அவளுடைய கட்டடத்தில் கீழ்த்தளம் முழுக்கச் சார்ஜர்கள்.

"விக்க மாட்டேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பிடிவாதம் உனக்கு."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அன்று என்னிடம் பிடிவாதம் மட்டும்தான் இருந்தது, வழி எதுவும் தெரியவில்லை. வழி என் கணவரிடமிருந்து வந்தது. மறுநாள் காலை இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டே, மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கிரேன்ல, ஓட்டுறவன் கண்ணு முன்னாடி ஒரு அட்ட ஒட்டியிருக்கும். கைய எவ்வளவு நீட்டுனா, எவ்வளவு தூக்கலாம்னு. நீட்டுனா கொறச்சித்தான் தூக்கணும். அத பாக்காம தூக்குனவன் கிரேனோட சாய்வான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நம்ம வீட்டுக்கு அந்த அட்ட இல்ல. எழுது."

ஒரு பள்ளிக்கூட நோட்டும், கம்பியை வெட்டாமல் சுற்றிக் கவ்விப் பிடித்து அதில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டு மீட்டர் போர்ச்சில் இருக்கிறது. அதிலிருந்து உள்ளே போகும் சிவப்புக் கம்பி உறையோடு வெளியே தெரியும். எதையும் திறக்காமல் அதன் மேல் கருவியைக் கவ்வவிட்டேன். ஆக்சிஜன் இயந்திரத்துக்கு நீளமான குழாய் மாட்டி, அவர் நாற்காலியைப் போர்ச்சுக்குக் கொண்டுபோனேன். வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு ஆரம்பித்தோம்.

"ஹீட்டர்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். அவர் எண்ணைப் பார்த்து எழுதுவார். "கெட்டில்." எழுதுவார். "ரூம்பு ஏர்கோன்." எழுதுவார்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஹீட்டர் பதினைந்து, கெட்டில் ஒன்பது, ஒவ்வோர் ஏர்கோனும் நான்கு, மின் சோற்றுப் பானை மூன்று, ஐஸ்பெட்டி ஒன்று. அவர் மூச்சைக் காக்கும் இயந்திரம் ஒன்றரை. பட்டியலை மடியில் வைத்து மறுபடியும் படித்தேன். அவரை உயிரோடு வைத்திருப்பது ஒன்றரை ஆம்பியர். நான் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் வெந்நீர் பதினைந்து.

அதோடு அவர் விடவில்லை. ஒரு வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் அரை மணிக்கு ஒரு தரம் வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து எழுதினார். மாதக்கணக்கில் பேனாவைத் தொடாத கை. முதல் பக்கத்தில் எழுத்து நடுங்கியிருந்தது, நான்காம் பக்கத்தில் கோடு போட்டுக் கட்டம் கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் சவாரி முடிந்து வந்ததும் சட்டை மாற்றக்கூட விடாமல் நோட்டை நீட்டுவார். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் வீடு மூச்சு முட்டுகிறது, காலை பத்திலிருந்து நான்கு வரை ஏழு, எட்டு ஆம்பியரைத் தாண்டுவதில்லை என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு நல்ல வயர்மேனைத் தேடினேன். காப்பாரிலிருந்து தன் வேனில் வந்தார், நாற்பது வயது இருக்கும், உரிமம் வைத்து வேலை செய்கிறவர். சார்ஜரைப் பார்த்ததும் அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இத கழட்டிட்டு சாதா பிளக்ல மெதுவா போடுங்க. ராத்திரி பூரா ஏறட்டும்."

நோட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். நின்றபடி ஒரு பக்கம் புரட்டினார். பிறகு போர்ச்சுப் படியில் உட்கார்ந்து மீதியைப் படித்தார்.

"யாரு எழுதுனது?"

என் கணவர் கையைத் தூக்கினார்.

"அண்ணே, நீங்களும் வயர்மேனா?"

"கிரேன்" என்றார் இவர்.

வயர்மேன் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார்ஜர் வந்த பெட்டி இருக்கா, இல்ல வீசிட்டீங்களா?"

நான் பெட்டி எதையும் வீசுவதில்லை. சாமான் அறையிலிருந்து கொண்டுவந்தேன். உள்ளே அடியில் இருந்த பஞ்சை அவர் தூக்க, பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதில் குழந்தை வளையல் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம், அதிலிருந்து மெல்லிய கம்பி.

"இத மாட்டாமலே போயிருக்கான்" என்றார். குரலில் அலுப்பு தெரிந்தது. "அக்கா, இந்த வளையம் உங்க மெயின் கம்பிய சுத்தி உக்காரும். வீடு எவ்வளவு இழுக்குதுன்னு சார்ஜருக்கு நொடிக்கு நொடி சொல்லும். வீடு முதல்ல சாப்பிடும், மிச்சத்த கார் சாப்பிடும். மிச்சம் இல்லன்னா கார் காத்துக்கிட்டு இருக்கும். அவ்வளவுதான்."

பெட்டிக்குள் இருந்திருக்கிறது. நான் விண்ணப்பம் எழுதியதும், அலுவலகத்தில் காத்து நின்றதும், தங்கையோடு சண்டை போட்டதும், எல்லாம் அது என் சாமான் அறையில் கிடக்கும்போதே நடந்திருக்கிறது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வயர்மேனுக்குத் தேத்தண்ணி கலக்கப் போய்விட்டேன்.

அன்று மதியம் முழுக்க அவர் போர்ச்சுக் கூரையோரம் கம்பி இழுத்தார். மொத்த வீட்டுக்கும் முப்பத்து நான்கு ஆம்பியர் என்று சார்ஜருக்கு வரம்பு வைத்தார், நாற்பதைத் தொடவே விடக் கூடாது என்று. ஆக்சிஜன் இயந்திரத்துக்குத் தனியாக ஒரு யூபிஎஸ் வைக்கச் சொன்னார். மின்சாரம் நின்றால் அதற்குள் இருக்கும் பேட்டரி உடனே எடுத்துக்கொள்ளும். நான் சிலிண்டரிடம் ஓடி வர அவகாசம் கிடைக்கும்.

சோதித்துப் பார்க்கும்போது கார் சார்ஜில் இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். என் கணவர் போர்ச்சில் உட்கார்ந்து, காருக்குப் போகும் ஆம்பியரைச் சார்ஜர் திரையில் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இருபத்தேழு." ஹீட்டரைப் போட்டேன். "பன்னெண்டு." ஏர்கோன். "எட்டு." கெட்டிலைப் போட்டேன். "நின்னுடுச்சி. கார் நின்னுடுச்சி. வீடு நிக்கல."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டில் கொதித்து அணைந்ததும், வெளியே அவர் குரல் மறுபடியும் எட்டு என்றது.

அதன் பிறகு ஓர் ஆண்டு எங்களுக்குத் தொல்லை இல்லை. காலைச் சவாரியை முடித்துப் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். கார் வாசலில் சார்ஜ் ஆகும், நான் சமைப்பேன், அவரைக் குளிப்பாட்டுவேன், இருவரும் சாப்பிடுவோம். நான்கு மணிக்கு மறுபடியும் கிளம்புவேன்.

அடுத்த ஆண்டு எங்கள் வரிசையில் மேலும் மூன்று வீட்டில் மின்சாரக் கார்கள் வந்தன. மாலை நேரத்தில் விளக்கு மஞ்சளாக மங்க ஆரம்பித்தது. இயந்திரத்தின் சத்தம் கனத்தது. யூபிஎஸ் தானாக டக் டக்கென்று மாறி மாறி விழுந்தது. பிளக்கில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். இருநூற்று முப்பதை ஒட்டி நிற்க வேண்டிய எண், ஏழு மணிக்கு இருநூற்றுப் பத்தில் நின்றது. வயர்மேனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

"வீட்டுக்குள்ள நீங்க சரி அக்கா" என்று போனில் சொன்னார். "இது தெரு. ஒரே கம்பியில எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கிறாங்க."

கடைசி வீட்டில் இருப்பவர் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். இரண்டு மின்சாரக் கார்கள் அவர் வீட்டில்தான் இருந்தன. என் கணவர் மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் ஒரு சட்டி ஆட்டுக்கால் சூப் கொடுத்தனுப்பியவர். அவரிடம் சொல்வதில் என்ன இருக்கிறது என்று அவர் வாசல் கேட்டில் நின்று சொன்னேன், ஏழு மணிக்குப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று.

"தங்கச்சி, என் வீட்டு லெட்ரிக், நான் கட்டுற பில்லு. மணி பாத்து எப்படி போட முடியும்?" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளும் ஏழு மணிக்கு அந்த எண் கீழே போவதை நானும் என் கணவரும் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாம் நாள் கடைக்காரர் மாலை மஃரிப் தொழுகைக்கு வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து மறுபடியும் போனேன்.

"அண்ணே, நான் பேச வரல. தொழுதுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் எங்க வீட்டுக்கு வாங்க. காருக்கு இன்னும் சார்ஜ் போடாதீங்க. கம்பிய மட்டும் ரெண்டுலயும் செருகி வச்சிட்டு, போன எடுத்துட்டு வாங்க."

அவர் வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார், தொப்பியோடு. ஹாலில் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். "எப்படி மச்சான் இருக்கீங்க" என்று கேட்டுவிட்டு, மூக்கிலிருந்த குழாயையும் தரையில் ஓடும் அதன் நீளத்தையும் பார்த்தார். நான் வோல்ட் மீட்டரைக் காட்டினேன். இருநூற்றுப் பதினெட்டு.

"இப்ப உங்க போன்லேருந்து ஒரு காருக்கு சார்ஜ் போடுங்க."

போட்டார். எண் நடுங்கி, இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

"இன்னொன்னு."

அவர் தயங்கினார். என் கணவர் தலையை அசைத்தார், போடுங்கள் என்று. அவர் திரையைத் தொட்டார். இருநூற்று ஆறு, இருநூற்று ஐந்து. விளக்கு மங்கியது. நாற்காலிக்குப் பக்கத்தில் யூபிஎஸ் டக்கென்று விழுந்து பீப் என்றது.

"இது என்ன சத்தம்?"

"இப்ப மூச்சு பேட்டரியில ஓடுது" என்றேன்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நாப்பது நிமிஷம்" என்றார் என் கணவர். "அப்புறம் சிலிண்டர்."

கடைக்காரர் இரண்டு காரையும் நிறுத்தினார். எண் ஏறியது. பீப் நின்றது. போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நான் தெனமும் இந்த நேரத்துலதானே போடுறேன்" என்றார், எங்களிடம் சொல்வது போலவும் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை அவர் கடையிலேயே இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, கார் வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்தோம். நான், அவர், ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர், தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் சீனப் பெண்மணி. மலாயில்தான் பேசினோம். ஆறிலிருந்து பத்து வரை யாரும் போடுவதில்லை என்று முடிவாயிற்று. எந்த நேரமானாலும் பதினாறு ஆம்பியருக்கு மேல் வைப்பதில்லை. எனக்கும் சீனப் பெண்மணிக்கும் பகல், மற்ற இருவருக்கும் பத்துக்குப் பிறகு. கார்களே நேரம் பார்த்து ஆரம்பித்துக்கொள்ளும்படி ஆசிரியர் எல்லோர் போனையும் வாங்கி அமைத்துக் கொடுத்தார். கடைக்காரர் எங்களிடம் ரொட்டி சானாய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த ஏற்பாட்டை முதலில் உடைத்தவள் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை காரில் பேட்டரி கொஞ்சம் குறைந்திருந்த நேரத்தில் விமான நிலையத்துக்கு ஒரு சவாரி வந்தது. அரை மணி நேரம்தானே என்று ஏழரைக்குக் கம்பியைச் செருகி, நேர அமைப்பை மீறிச் சார்ஜ் போட்டுவிட்டேன். உள்ளே வந்தபோது என் கணவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நேரம், வோல்ட், அதற்குப் பக்கத்தில் 'நம்ம கார்'. வெளியே போய்க் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சவாரியை ரத்து செய்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த இரண்டு வார்த்தையும் உறுத்தியது.

ஏற்பாடு தொடங்கியதற்கு முன் பதினைந்து நாள், பின் பதினைந்து நாள் என்று அவர் எழுதிய வோல்ட் கணக்கைப் படியெடுத்து, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு மின்சார அலுவலகத்துக்குக் கொடுத்தோம். புகார் என்று எழுதவில்லை. எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம், உங்கள் பக்கம் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள் என்றுதான் எழுதினோம். முன்பு விளக்கம் சொன்ன அதே பெண் கடிதத்தை வாங்கினாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு லோரியில் ஆட்கள் வந்து, தெருமுனைப் பெட்டியைத் திறந்து அளந்தார்கள். தெருவுக்கு மூன்று பேஸ் வருகிறது, அதில் நாங்கள் நான்கு வீடும் ஒன்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தோம் என்றார்கள். மூன்றாம் நாள் வந்து, இரண்டு வீட்டை வேறு பேஸுக்கு மாற்றினார்கள். ஒரு காலைப்பொழுது வேலைதான். அன்று மாலை ஏழு மணிக்கு எங்கள் வோல்ட் மீட்டர் இருநூற்று இருபத்து நான்கு காட்டியது. என் கணவர் அதை எழுதி, அடியில் கோடு போட்டார்.

பழைய கம்பி இன்னும் மாறவில்லை. எங்களுக்குத் திரீ பேஸும் வரவில்லை. வரிசையில் இப்போது ஆறு மின்சாரக் கார்கள். புதிதாக வாங்குகிறவர்களிடம் கடைக்காரரே போய்ப் பேசுகிறார். அவர் பேசினால் யாரும் கேட்டைச் சாத்துவதில்லை. என் கணவரின் நிலைமை போன ஆண்டைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. மாலை ஏழு மணிக்கு அவர் நிம்மதியாகச் செய்தி பார்க்கிறார். அதற்காகத்தான் இத்தனையும் செய்தேன், கிடைத்துவிட்டது.

போன வாரம் பின் வரிசையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அங்கேயும் விளக்கு மங்குகிறதாம், அந்தப் பெண்ணின் மாமியாருக்குத் தூக்கத்தில் மூச்சு இயந்திரம் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெருக்காரர்களைக் கூட்டியிருக்கிறார்கள், வந்து சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் சரி என்றேன்.

"நானும் வரேன்" என்றார் என் கணவர்.

மருத்துவமனையைத் தவிர அவர் வெளியே போய் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. கையில் தூக்கும் சிலிண்டர் இரண்டு மணி நேரம் வரும், போக வரப் பத்து நிமிடம், கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார்.